நத்தை பொறுக்கிய கைகள்

2025 ஜூனில் சிகாகோ நகரில், ஜேம்ஸ் பியர்ட் விருது மேடையில் வேட்டி கட்டிய தமிழர் ஒருவர் ஏறினார். நத்தம் அருகே அரசம்பட்டியைச் சேர்ந்த விஜயகுமார். நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில் 2021இல் தொடங்கி, மறு ஆண்டே மிஷலின் நட்சத்திரம் பெற்ற ‘செம்ம’ உணவகத்தின் தலைமைச் சமையற்கலைஞர். அங்கே பேர்பெற்ற பண்டங்களுள் ஒன்று நத்தைப் பிரட்டல்.

அந்தத் தட்டுக்கு எங்கள் சமவெளியில் ஒரு முன்கதை உண்டு. மழைபெய்து வயலில் தண்ணீர் நிற்கும் காலத்தில், நடவுக்கும் களையெடுப்புக்கும் போன பெண்கள் வேலை முடிந்ததும் வரப்போரம் குனிந்து நத்தை பொறுக்கி மடியில் கட்டிவருவார்கள். கூலி வீட்டுக் கணக்கில் சேரும். நத்தை எந்தக் கணக்கிலும் சேராது. வெந்நீரில் போட்டு, ஊசியால் சதையை எடுத்து, வேண்டாததைக் கிள்ளியெறிந்து, கல்லுப்பும் மஞ்சளும் போட்டு வழுவழுப்புப் போகும்வரை அலசவேண்டும். அதன் பிறகே சின்ன வெங்காயமும் மிளகும்.

இவ்வளவு உழைத்தும் அது இழிந்த உணவு. என்ன தின்கிறாய் என்று கேட்பது, எந்தத் தெரு என்று தெரிந்துகொள்ளத்தானே! சிறுவயதில் நத்தை தின்ன வெட்கப்பட்டதையும், பிரெஞ்சுக்காரர்களுக்கு அது விருந்து என்று சமையல் படிக்கும்போது அறிந்ததையும் விஜயகுமாரே சொல்லியிருக்கிறார்.

அந்த வெட்கம் எனக்கும் தெரியும். எட்டாம் வகுப்பில், அப்பத்தா டிபன் டப்பாவில் வைத்தனுப்பிய நத்தைக் கறியைத் தோழியிடம் ஈரல் என்றேன். வீட்டுக்கு வந்து, “இனிமே இதை வைக்காத அப்பத்தா” என்றேன். “சரி தாயி” என்றாள். அத்தோடு நிறுத்திவிட்டாள்.

இப்போது பெரிய உணவகங்களில் ‘டேஸ்டிங் மெனு’ வந்துவிட்டது. சென்னை ஐடிசி கிராண்ட் சோழாவின் ‘ஆவர்த்தனா’வில் 7 முதல் 13 வகைகள்வரை, சமைப்பவர் வகுத்த வரிசையில், ஓரிரு வாயாக வரும். நிதானமாக ருசித்து உண்பதற்கு அங்கே விலை இருக்கிறது. அப்பத்தாவும் ருசி பார்த்தாள். உப்புக்காக, உள்ளங்கையில் ஒரு துளி. தாத்தாவும் சித்தப்பாக்களும் உண்டு எழுந்த பிறகு, சட்டியில் ஒட்டியதில் சோற்றைப் புரட்டிச் சாப்பிட்டாள். தான் சமைத்த கறியின் முழுத்துண்டு ஒன்றை அவள் தின்று நான் பார்த்ததில்லை.

விஜயகுமார் தன் அம்மாவையும் பாட்டியையும் மறக்காமல் நினைவுகூர்கிறார். நல்ல மனம். ஆனால் மகன்கள், பேரன்களின் நன்றியை நம்பியே பெண்களின் சமையல் அறிவு வரலாற்றுக்குள் வரவேண்டுமா? நத்தை எந்த மாதத்தில் எங்கே கிடைக்கும், எவ்வளவு நேரம் வேகவேண்டும் என்று அறிந்த கிழவிகள் நத்தம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். என் மாணவிகளை அவர்களிடம் அனுப்புகிறேன். செய்முறையோடு அவர்கள் பெயரையும், அன்று அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்பதையும் எழுதிவரச் சொல்கிறேன்.

அப்பத்தாவிடம் நான் கேட்டிருக்க வேண்டியது அது. ஈரல் என்று சொன்ன பொய்யைக்கூட அவளிடம் சொல்லாமலே இருந்துவிட்டேன்.