பணியில் போலீஸ், தீயணைப்பு வீரர் இறந்தால் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும்? அமெரிக்கச் சட்டம் சொல்வது என்ன?

அமெரிக்காவில் பெரும்பாலான போலீஸார், தீயணைப்பு வீரர்களின் பென்ஷன் மாநிலம், நகர நிர்வாகத்தைப் பொறுத்தே அமையும். அதனால் ஊருக்கு ஊர் தொகை மாறும். ஆனால், பணியில் உயிர் போனால் மத்திய அரசு தரும் உதவித்தொகை நாடு முழுக்க ஒன்றுதான்.

எப்போது வந்தது?

1976-ல் இந்தச் சட்டம் வந்தபோது தொகை 50,000 டாலர். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு 2.5 லட்சம் டாலராக உயர்ந்தது. விலைவாசிக்கு ஏற்ப ஆண்டுதோறும் கூடுகிறது. 2024 நிதியாண்டில் 4,37,503 டாலர். இது மாதப் பென்ஷன் இல்லை, ஒரே தடவையாகத் தரப்படும் தொகை. வருமான வரியும் கிடையாது.

சம்பளம் வாங்காதவர்களுக்கும் உண்டா?

உண்டு. அந்நாட்டுத் தீயணைப்பு வீரர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தன்னார்வலர்கள்தான். பென்ஷனே இல்லாத குடும்பங்களுக்கு இதுதான் பெரிய ஆதரவு.

யாருக்குப் போகும்?

கணவர் அல்லது மனைவியும் பிள்ளைகளும் இருந்தால் ஆளுக்குப் பாதி. பிள்ளைகள் இல்லாவிட்டால் முழுத் தொகையும் துணைக்கே. இவர்களின் படிப்புக்குத் தனியாக உதவி உண்டு.

ஊனமடைந்தால்?

1990 முதல் இதே தொகை கிடைக்கிறது. ஆனால் விதி கடுமையானது. பழைய வேலையைச் செய்ய முடியவில்லை என்றால் மட்டும் போதாது. வருமானம் தரும் எந்த வேலையையும் நிரந்தரமாகச் செய்ய முடியாத நிலை இருக்க வேண்டும். மாநில பென்ஷனில் அப்படியில்லை. உதாரணமாக, கலிபோர்னியா அரசு ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில், பணியால் ஊனமாகி போலீஸ் வேலையைத் தொடர முடியாதவருக்குப் பொதுவாகச் சம்பளத்தில் பாதி மாதந்தோறும் வரும்.

மாரடைப்பு, தற்கொலைக்கும் கிடைக்குமா?

கடினமான பணி முடிந்த 24 மணி நேரத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்து இறந்தால், 2003 சட்டப்படி பொதுவாகப் பணி மரணமாகவே கருதப்படும். தற்கொலை என்றால் பல ஆண்டுகளாகக் கதவு மூடியே இருந்தது. 2022-ல் சட்டம் மாறியது. பணியில் கண்ட கோரச் சம்பவத்தின் பாதிப்பால் உயிரை மாய்த்துக்கொண்டவரின் குடும்பமும் இப்போது விண்ணப்பிக்கலாம்.

எப்போது கிடைக்காது?

குடிபோதை, வேண்டுமென்றே செய்த தவறு, படுமோசமான அலட்சியம் ஆகியவை மரணத்துக்குக் காரணம் என்றால் பணம் வராது.

கவனிக்க வேண்டியது

பணம் தானாக வந்து சேராது. பொதுவாக 3 ஆண்டுகளுக்குள் அமெரிக்க நீதித்துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும். துக்கத்தில் இருக்கும் குடும்பம் தவறவிடக் கூடாத கெடு இதுதான்.