முதலிடத்தின் வரலாறு: தேடுபொறிச் சொற்கள் சில



இடுபணி என்றதும் நம் மாணவர்கள் இப்பொழுது முதலில் நாடுவது தேடுபொறியைத்தான். அது காட்டும் முதற்பக்கத்தை அப்படியே பார்த்து எழுதி வருகின்றனர். “ஏன் இந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தாய்?” என்று கேட்டால், “இதுதான் முதலில் வந்தது, ஐயா” என்பதே எனக்குப் பெரும்பாலும் கிடைக்கும் விடை.

முதலில் வந்தது எப்படி முதலில் வந்தது? இவ்வினாவுக்குரிய விடை, இணைய வணிகர்கள் நாள்தோறும் புழங்கும் சில சொற்களுக்குள் அடங்கியிருக்கிறது. அச்சொற்கள் பிறந்த வரலாற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காண்போம்.

1. கிராலர், இன்டெக்ஸ்

1990-ஆம் ஆண்டு கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆலன் எம்டேஜ் உருவாக்கிய ‘ஆர்ச்சி’யே இணையத்தின் முதல் தேடுபொறியாகக் கருதப்படுகிறது. அது கோப்புகளின் பெயர்களை மட்டுமே தேடியது. வலைப்பக்கங்களின் முழு உரையையும் தேடித் தந்த ‘வெப்கிராலர்’ 1994-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பிறந்தது.

‘கிராலர்’ என்றால் ஊர்ந்து செல்வது என்று பொருள். இணைப்புகளைப் பற்றிக்கொண்டு பக்கம் பக்கமாகச் சென்று சொற்களைத் திரட்டி வரும் நிரலுக்கு இப்பெயர் நிலைத்தது. திரட்டியவற்றை நூலின் இறுதியிலுள்ள சொல்லடைவு போல அடுக்கி வைப்பதே ‘இன்டெக்ஸ்’. நாம் தேடும்பொழுது தேடுபொறி உலகெங்கும் ஓடுவதில்லை. தன்னிடமுள்ள சொல்லடைவையே புரட்டுகிறது. அதில் ஏறாத பக்கம், எத்துணைச் சிறந்ததாயினும் நம் கண்ணில் படாது.

2. கீவேர்ட்

‘கீவேர்ட்’ என்பது திறவுச்சொல். 1990-களின் நடுவில், தம் பக்கம் இன்னின்ன பொருளைப் பற்றியது என்று வலைத்தள உரிமையாளர்களே மறைவான குறிப்பாக எழுதி வைத்தனர். அதுவே ‘மெட்டா டேக்’. அல்டாவிஸ்டா போன்ற அக்காலத் தேடுபொறிகள் அதனைக் கருத்தில் கொண்டன.

தன் விடைத்தாளைத் தானே திருத்திக்கொள்ளும் வாய்ப்பு கிடைத்தால் என்ன நடக்கும்? அதுவே நடந்தது. தொடர்பில்லாத சொற்களையெல்லாம் திணித்தனர். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்துகளை மறைத்தனர். இதற்குக் ‘கீவேர்ட் ஸ்டஃபிங்’, அதாவது சொற்றிணிப்பு என்று பெயர். தரவரிசைக்கு இத்திறவுச்சொல் குறிப்பைத் தான் பயன்படுத்துவதில்லை என்று 2009-இல் கூகுள் வெளிப்படையாக அறிவித்தது.

3. பேக்லிங்க்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு மாணவர்களான லாரி பேஜும் செர்கே பிரினும் வேறு வழியை எண்ணினர். ஓர் ஆய்வுக் கட்டுரையின் சிறப்பை, அதனை எத்தனை பேர் மேற்கோள் காட்டுகின்றனர் என்பதைக் கொண்டு அறிவதுண்டு. அதுபோலவே, ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள், அவற்றுள்ளும் எத்தகைய பக்கங்கள் சுட்டுகின்றன என்று அவர்கள் கணக்கிட்டனர். இதுவே ‘பேஜ்ரேங்க்’, 1998-இல் நிறுவப்பட்ட கூகுளின் அடித்தளம். பிற பக்கங்களிலிருந்து வரும் சுட்டுகளே ‘பேக்லிங்க்’.

சான்றிதழுக்கு மதிப்பு வந்தால் போலிச் சான்றிதழும் வரும் அல்லவா? ஒன்றையொன்று சுட்டுவதற்கென்றே தளங்கள் உருவாயின. இவை ‘லிங்க் ஃபார்ம்’ எனப்பட்டன. 2003-இல் பலர் கூடி, ‘படுதோல்வி’ என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரிலிருந்து அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் வாழ்க்கைக் குறிப்புக்கு இணைப்புக் கொடுத்தனர். அத்தொடரைத் தேடியோர்க்கு அக்குறிப்பே முதலில் வந்து நின்றது! அப்பக்கத்தில் அத்தொடரே இல்லை. ‘கூகுள் பாம்’ எனப்பட்ட இவ்விளையாட்டைக் கூகுள் 2007-இல் கட்டுப்படுத்தியது.

இவ்வாறு தேடுபொறியை ஏமாற்றுவது ‘பிளாக் ஹேட்’. விதிக்குட்பட்டுப் பக்கத்தைச் செம்மை செய்வது ‘ஒயிட் ஹேட்’. பழைய அமெரிக்கத் திரைப்படங்களில் தீயவனுக்குக் கருந்தொப்பியும் நல்லவனுக்கு வெண்தொப்பியும் அணிவித்த வழக்கம் தந்த பெயர்கள் இவை. இரண்டையும் சேர்த்தே ‘எஸ்.இ.ஓ.’, தமிழில் தேடுபொறி உகப்பாக்கம், என்கின்றனர். தரமற்ற பக்கங்களைப் பின்தள்ள 2011-இல் ‘பாண்டா’வையும், போலி இணைப்புகளை ஒடுக்க 2012-இல் ‘பெங்குவின்’ என்பதனையும் கூகுள் கொண்டுவந்தது.

4. பே பெர் கிளிக்

1994 அக்டோபரில் ‘ஹாட்வயர்டு’ தளத்தில் விளம்பரப் பதாகைகள் தோன்றின. ஒரு பதாகை ஒருமுறை ஒருவர் திரையில் தோன்றுவது ‘இம்ப்ரெஷன்’. பார்த்தாரோ இல்லையோ, தோன்றினாலே கட்டணம்! 1998-இல் ‘கோட்டூ’ என்னும் தேடுபொறி இம்முறையை மாற்றியது. சொற்களை ஏலம் விட்டு, மிகுதியாக விலை கூறியவர்க்கு முதலிடம் தந்தது. சொடுக்கினால் மட்டுமே கட்டணம். இதுவே ‘பே பெர் கிளிக்’. கூகுள் 2000-இல் ‘ஆட்வேர்ட்ஸ்’ விளம்பரத் திட்டத்தைத் தொடங்கி, 2002-இல் சொடுக்குக்கான ஏலத்தை அதில் புகுத்தியது.

அதே 2002-இல் அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் தேடுபொறி நிறுவனங்களுக்கு மடல் எழுதி, பணம் பெற்றுக் காட்டும் முடிவுகளைத் தெளிவாக வேறுபடுத்திக் காட்டுமாறு அறிவுறுத்தியது. ‘ஸ்பான்சர்டு’ என்ற சிறிய சொல்லை இன்று முடிவுகளின் மேல் காண்கிறோம். அதனைப் படிக்கக் கற்றுக் கொடுத்தோமா?

நாம் செய்ய வேண்டுவது

இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றே. முதலிடம் என்பது உண்மைக்குத் தானாக வாய்த்த இடம் அன்று. போட்டியிட்டோ விலை கொடுத்தோ பெறக்கூடிய இடம். தேடுபொறி ஒவ்வொரு முறையும் ஓர் ஓட்டையை அடைத்தது. மறுபுறத்தில் வேறோர் ஓட்டை திறந்தது. 2024 முதல், முடிவுகளுக்கும் மேலே செயற்கை நுண்ணறிவு எழுதும் சுருக்கத்தையும் கூகுள் காட்டி வருகிறது. இனி, முதற்பக்கத்தைக்கூடத் திறவாமல் எழுதி முடித்துவிடலாம்!

ஆகவே, மாணவரிடம் மூன்று வினாக்களைப் பழக்குவோம். இது விளம்பரமா? இதனை எழுதியவர் யார்? இதையே வேறொருவரும் தம் சொந்த முயற்சியில் கண்டறிந்து சொல்லியுள்ளாரா? இரண்டு பக்கங்களையேனும் ஒப்பிடாத இடுபணியை ஆசிரியர்கள் திருப்பிக் கொடுங்கள். வீட்டில் பிள்ளை தேடும்பொழுது பெற்றோர் ஐந்து நிமிடம் அருகில் அமருங்கள். வள்ளுவர் வலியுறுத்திய மெய்ப்பொருள் காணும் அறிவு, திரைக்கு முன்னரும் வேண்டப்படுவதே.