நிழலை நிறுத்திய நீர்

ஆண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, மன்னர்களையும் போர்களையும் பற்றி எழுத என்னினும் கற்றவர் நம் சங்கத்தில் பலர் உள்ளனர் என்று கூறி ஒதுங்கவே எண்ணினேன். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிக்கும் எழுத்தன் நான். ஆயினும் ஒரு துறையில் கைப்பட உழன்று, இழக்கக் கூடாத ஒன்றை இழந்து, பின்னர் அதன் வரலாற்றைத் தேடிப் படித்தவன் என்ற உரிமை எனக்கு உண்டு. வீட்டிலேயே இருட்டறை அமைத்துக் கறுப்பு வெள்ளைப் படம் அச்சிடும் கலையே அத்துறை.

கைப்பேசியில் படம் எடுத்துப் பழகிய இளைஞர்களுக்காக முதலில் சில சொற்கள். பிலிமில் விழும் உருவம் தலைகீழ் நியாயம் உடையது. அதில் வெள்ளைச் சட்டை கறுப்பாகவும் கறுத்த கூந்தல் வெளுப்பாகவும் இருக்கும். அதுவே நெகடிவ். வெள்ளி உப்புப் பூசிய தாளின்மேல் அதனை வைத்து ஒளி பாய்ச்சினால் நியாயம் மீண்டும் நேராகும். ஆனால் தாளில் அப்போது ஒன்றும் தெரியாது. டெவலப்பர் என்னும் கரைசலில் இட்டபின்தான் உருவம் எழும். அடுத்து ஹைப்போ என்னும் கரைசல், ஒளி படாத வெள்ளி உப்பைக் கரைத்து நீக்கும். கடைசியாக நீரில் கழுவுதல். முதன்முறை இதனைச் செய்கிறவன் உருவம் எழும் அந்த அரை நிமிடத்திலேயே மயங்கிவிடுவான். கழுவுதல் அவனுக்கு ஒரு பொருட்டாகவே தோன்றாது. உண்மையில் இக்கலையின் வரலாறு முழுவதும் உருவத்தை எழுப்பும் போராட்டம் பாதி என்றால், எழுந்த உருவத்தைப் போகவிடாமல் நிறுத்தும் போராட்டம் மறுபாதி.

வெள்ளி உப்புகள் ஒளிபட்டுக் கறுப்பதை ஜெர்மானியராகிய ஷூல்ட்ஸே 1717-ஆம் ஆண்டு அளவிலேயே கண்டறிந்தார். இங்கிலாந்தில் தாமஸ் வெட்ஜ்வுட் என்பவர் இதனைக் கொண்டு உருவங்களைப் பதிக்க முயன்றார். அம்முயற்சியைப் பற்றி அவர் நண்பர் ஹம்ஃப்ரி டேவி 1802-இல் எழுதி வெளியிட்டார். வெள்ளி நைட்ரேட் தடவிய தாளிலும் வெண்தோலிலும் இலைகளின் நிழல்கள் அழகாகப் பதிந்தன. ஆனால் அவற்றைப் பகல் ஒளியில் பார்க்க இயலவில்லை. எடுத்து வைத்தால் எஞ்சிய பகுதியும் கறுத்துப் படம் மறைந்துபோகும். ஆகவே இருண்ட அறையில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சற்று நேரம் பார்த்துவிட்டு மூடிவைத்தனர். தாம் படைத்த படத்தைத் தாமே கண்குளிரப் பார்க்க முடியாதவரின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

அடுத்து வந்தவர் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட். இத்தாலியில் கோமோ ஏரிக்கரையில் 1833-இல் இயற்கைக் காட்சியை வரைய முயன்று, கை ஒத்துழையாமையால் மனம் நொந்து, ஒளியே வரைந்து கொடுத்தால் என்ன என்று எண்ணினார். லகாக் என்னும் ஊரிலிருந்த தம் இல்லத்திலேயே சோதனைகளைத் தொடங்கினார். மாளிகைதான் எனினும் வீடு வீடுதானே. அவர் ஆங்காங்கே வைத்துச் சென்ற சின்னஞ்சிறு மரப்பெட்டிகளை அவர் மனைவி கான்ஸ்டன்ஸ் எலிப்பொறிகள் என்றே அழைத்தார். 1835 ஆகஸ்டில் அவ்வீட்டின் சாளரம் ஒன்று, ஏறத்தாழ ஓர் அங்குலச் சதுரத் தாளில் பதிந்தது. அச்சாளரத்தின் கண்ணாடிச் சில்லுகள் சுமார் இருநூறையும் பூதக்கண்ணாடி கொண்டு எண்ணிவிடலாம் என்று அவர் குறித்துவைத்தார். நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய நெகடிவ்களுள் அதுவும் ஒன்று.

படத்தை நிறுத்த டால்பட் முதலில் கைக்கொண்ட பொருள்களுள் ஒன்று சாதாரணக் கறியுப்பு என்றால் நம் இல்லத்தரசிகள் வியப்பர். உப்பு குறைவாக இருந்தால் தாள் ஒளியை விரைவாக ஏற்கும். மிகுதியாக இருந்தால் ஒளியை ஏற்காது. இந்த நுட்பத்தை அவர் பயன்படுத்திக்கொண்டார். ஆயினும் வெள்ளி உப்பு தாளைவிட்டு நீங்கவில்லை, வெறுமனே உறங்கிக் கிடந்தது. அதனை அடியோடு நீக்கும் வழியைக் காட்டியவர் வானநூல் அறிஞர் ஜான் ஹெர்ஷல். ஹைப்போ வெள்ளி உப்பைக் கரைக்கும் என்பதை அவர் 1819-லேயே கண்டிருந்தார். அக்குறிப்பு இருபது ஆண்டுகள் பயனின்றிக் கிடந்தது. (கோப்பில் உறங்கிய குறிப்பு காலம் வந்ததும் உயிர்பெற்று எழுவதை எங்கள் அலுவலகத்தில் நானும் கண்டிருக்கிறேன்.) 1839 சனவரியில் ஒளிப்படச் செய்தி காதில் விழுந்த சில நாட்களுக்குள் ஹெர்ஷல் ஹைப்போவைக் கொண்டு படத்தை நிறுத்திக் காட்டினார். நெகடிவ், பாசிடிவ் என்று நாம் இன்றும் வழங்கும் பெயர்களை இட்டவரும் அவரே. மறு ஆண்டு செப்டம்பரில், கண்ணுக்குத் தெரியாமல் தாளில் உறையும் உருவத்தைக் காலிக் அமிலக் கரைசலால் வெளிக்கொணரலாம் என்று டால்பட் கண்டறிந்தார். இருட்டறையில் முகம் மெல்ல எழும் அந்த அதிசயத்தை முதலில் கண்டவர்களுள் அவரும் ஒருவர்.

இத்துடன் தொல்லை தீர்ந்தது என்றே எல்லோரும் எண்ணினர். டால்பட் 1844 முதல் 1846 வரை பகுதி பகுதியாக ஒரு நூல் வெளியிட்டார். அச்சுப் படங்களுக்குப் பதிலாக உண்மையான ஒளிப்படங்களே அதில் ஒட்டப்பட்டிருந்தன. சில ஆண்டுகளில் அவற்றுள் பல வெளுக்கத் தொடங்கின. மற்றவர் எடுத்த படங்களும் மஞ்சளித்தன. இறந்துபோன குழந்தையின் ஒரே படத்தை மேசையறையில் பூட்டிவைத்த பெற்றோர், திறந்து பார்த்தபோது என்ன பாடுபட்டிருப்பர்! இலண்டன் ஒளிப்படச் சங்கம் 1855-இல் இதனை ஆராயவே ஒரு குழுவை அமைத்தது. விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட் அச்செலவிற்கு 50 பவுன் அளித்தார். குழு கண்ட முதன்மையான காரணம் யாதெனின், படத்தைக் காக்க வந்த ஹைப்போவேதான். நன்கு கழுவாவிட்டால் அது தாளின் நார்களில் தங்கிவிடுகிறது. நாளடைவில் சிதைந்து கந்தகத்தை வெளியிட்டு, வெள்ளியை வெள்ளி சல்ஃபைடாக மாற்றிவிடுகிறது. கறுப்பு பழுப்பாகும், பழுப்பு மஞ்சளாகும். வேலியே பயிரை மேய்ந்த கதை. மருந்தோ மிக எளியது. நீர், மேலும் நீர், மேலும் காலம்.

நம் நாட்டிற்கும் இக்கலை விரைவிலேயே வந்தது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858-இல் மதுரை, தஞ்சை, திருச்சி முதலிய ஊர்களில் படமெடுத்தார். டால்பட் வழிவந்த காகித நெகடிவ் முறையே அவர் கையாண்டது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டிச் சேர்த்து, ஏறத்தாழ 19 அடி நீளப் படமாக்கினார். இராசராசன் கல்லில் வெட்டியதைத் தாளில் நிறுத்த எத்தனை குடம் நீர் செலவாயிற்றோ!

நாம் வாழும் இந்த ஜெய்ப்பூரின் பங்கு இன்னும் சுவையானது. 1880 வரை ஆண்ட இரண்டாம் சவாய் ராம் சிங் மன்னர், கூலிக்கு ஆள் அமர்த்திப் படமெடுத்தவர் அல்லர், தம் கையாலேயே எடுத்தவர். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பசையைப் பூசி, ஈரம் காயுமுன் படமெடுத்து, ஈரம் காயுமுன்னரே கழுவியும் முடிக்க வேண்டிய முறை அது. ஆர்ச்சர் என்பவர் 1851-இல் வெளியிட்ட முறை. குளிர்நாட்டில் பத்து நிமிட அவகாசம் கிடைக்கும். இராஜபுதனத்துக் கோடையில் அதுவும் கிடைக்குமா? ஆகவே இருட்டறை அருகிலேயே இருந்தாக வேண்டும். வெளியார் கண்ணில் படாத அந்தப்புரத்துப் பெண்களையும் அவர் எடுத்த படங்கள் உள்ளன. சிவபக்தக் கோலத்தில் தம்மையே எடுத்துக்கொண்டதும் உண்டு. அக்கண்ணாடித் தகடுகள் நகர அரண்மனை அருங்காட்சியகத்தில் இன்றும் காக்கப்படுகின்றன. நம் சங்கத்தார் பலர் அவ்வழியே நாள்தோறும் போய்வருகின்றனர். ஒருமுறை உள்ளே சென்று வந்தால் நன்று.

மன்னரும் செல்வரும் செய்த கலை எளியவர் வீட்டிற்கு வந்தது எவ்வாறு? மருத்துவர் மேடாக்ஸ் 1871-இல் ஜெலட்டின் உலர்தகட்டு முறையை எழுதி வெளியிட்டார். ஈரத் தகட்டோடு ஓடும் ஓட்டம் அதனால் நின்றது. ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888-இல் விற்ற கோடக் பெட்டியோ, நூறு படம் எடுத்தபின் பெட்டியோடு ஆலைக்கு அனுப்பிவிடும்படி அமைந்தது. அதனால் படமெடுப்பது எளிதாயிற்று. ஆனால் இருட்டறை வீட்டைவிட்டு ஆலைக்குப் போய்விட்டது. அதனை வீட்டிற்குத் திரும்பக் கொணர்ந்தவர் பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய லியோ பேக்லண்டு. அதற்குமுன் பெரும்பாலான தாள்களை வெயிலில் வெகுநேரம் காயவைத்தே அச்சிட வேண்டியிருந்தது. அவர் 1893-இல் வெளியிட்ட வெலாக்ஸ் தாளை இரவு உணவிற்குப்பின் சமையலறையிலேயே வாயு விளக்கொளியில் அச்சிடலாம். விளக்கிற்கு அருகே பிடித்தால் படம் பதியும், சற்று விலகி நின்றால் அதே விளக்கு தீங்கு செய்யாது. பகலெல்லாம் உழைக்கும் எழுத்தனும் தொழிலாளியும் இரவில் கலைஞராக முடிந்தது அன்று முதற்கொண்டுதான். 1899-இல் ஈஸ்ட்மன் அந்நிறுவனத்தை விலைக்கு வாங்கினார். அப்பணமே பேக்லண்டின் பிற்கால ஆராய்ச்சிக்கு உதவிற்று. நம் பழைய வீடுகளின் கறுத்த மின்விசைக் குமிழ்களான பேக்கலைட்டு அதில் விளைந்தது.

நம் நாட்டிலும் தாளும் பிலிமும் செய்ய உதகமண்டலத்தில் 1960-இல் அரசு நிறுவனம் தொடங்கப்பெற்று, 1967-இல் உற்பத்தி நடைபெறலாயிற்று. 'இந்து' என்ற பெயருடைய அதன் பொருள்களை நம் ஊர் ஸ்டூடியோக்கள் பலவும் அறியும். அந்நிறுவனம் பின்னாளில் நலிவுற்று மூடப்பட்டுவிட்டது.

இனி என் கதை. தந்தையார் மறைந்தபின் அவருடைய பழைய ஆக்ஃபா கிளிக் பெட்டியோடு இவ்வூருக்கு வேலைக்கு வந்தேன். 2003 மே மாதம் அம்மா என்னோடு வந்து தங்கினார். குவார்ட்டர்ஸ் வாயிற்படியில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவரைப் படமெடுத்தேன். பிலிமை விடியற்காலையில் குழாய் வந்தபோது டெவலப் செய்து காயவைத்தேன். மறுநாள் இரவு குளியலறைச் சாளரத்தில் கம்பளி கட்டி, சிவப்புக் குமிழ் விளக்கு மாட்டி, மூன்று பிளாஸ்டிக் தட்டுகளை வரிசையாக வைத்தேன். கோடைச் சூட்டில் டெவலப்பர் கெட்டுவிடாதிருக்க மண்பானை நீரில் கரைத்தேன். சாமி படச் சட்டத்துக் கண்ணாடியைக் கழற்றி நெகடிவின்மேல் அழுத்தினேன். வெள்ளை விளக்கை ஏற்றி மூன்று எண்ணி அணைத்தேன். மூன்று தாள்கள் வீணாயின. நான்காவதில் முதலில் தலைமயிர், பிறகு புருவம், பிறகு கண் என்று அம்மா எழுந்தார்.

கதவுக்கு வெளியே அவர், "இன்னும் எவ்வளவு நேரம்டா? உள்ளே வெந்து போயிடுவே" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். படத்தைக் கையில் வாங்கி விளக்கடியில் பிடித்து, "மூக்குத்திகூடத் தெரியுதே!" என்றார்.

அதற்கு முந்தைய ஆண்டு இராஜஸ்தானில் மழை அடியோடு பொய்த்திருந்தது. வீட்டில் இருந்தது இரண்டு வாளி நீர். அது குடிக்கவும் சமைக்கவும் மறுநாள் குழாய் வரும்வரை போதவேண்டும். புரோமைடுத் தாளை ஓடும் நீரில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழுவவேண்டும் என்று படித்திருந்தேன். படித்திருந்தும் இரண்டுமுறை அலசிக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். குற்றம் தாளினுடையதும் அன்று, மருந்தினுடையதும் அன்று. மூன்றாம் ஆண்டு கன்னத்தில் பழுப்புத் திட்டு ஒன்று தோன்றிற்று. அது கழுத்துவரை இறங்கியது. 2011-இல் அம்மா காலமானபோது மாலை போட வேறு படம்தான் தேடவேண்டியிருந்தது. 1855-இல் இலண்டனில் கண்டறிந்ததை நான் 2003-இல் கல்லாமல் விட்டேன்.

நெகடிவ் தப்பியது. பிலிம் தாளைப்போல் நாருடையதன்று, ஹைப்போவை உறிஞ்சி வைத்துக்கொள்வதில்லை. குறைந்த நீரிலும் சுத்தமாகிவிடும். பழைய சம்பளச் சீட்டு உறை ஒன்றில் அது கீறலின்றிக் கிடந்தது. 2022-இல் டில்லியிலிருந்து கறுப்பு வெள்ளைத் தாள் வரவழைத்து, அதே முறையில் மீண்டும் அச்சிட்டேன். இம்முறை ஆறு நிமிடத்திற்கு ஒருமுறையாகப் பத்துத் தடவை நீர் மாற்றினேன். அம்மா இல்லாத வீட்டில் நீருக்குக் குறைவில்லை. மூக்குத்தி முன்னைவிடத் தெளிவாகத் தெரிகிறது.

ஊரிலிருந்து வந்த தங்கைக்கு அதனைக் கொடுத்தேன். அவள் இரண்டையும் பார்த்துவிட்டு, "அம்மா கையில பிடிச்சுப் பார்த்தது இதுதானே அண்ணா" என்று பழுப்பேறியதையே எடுத்துச் சென்றாள். அது இன்னும் எத்தனை ஆண்டு இருக்குமோ அறியேன்.

அன்று வாங்கிய தாளில் பதினான்கு எஞ்சியுள்ளன. சங்கத்து அன்பர்கள் எவரேனும் தாய் தந்தையரின் பழைய நெகடிவ்களை வைத்திருந்தால் ஞாயிறு இரவுகளில் கொண்டுவரலாம், அச்சிட்டுத் தருகிறேன். கூடவே இரண்டு வாளி நீரும் கொண்டுவந்தால் உதவியாக இருக்கும்.