பழைய வண்டியும் புதிய பாட்டுப்பெட்டியும்

தாராபுரத்தில் இருக்கும் என் தாய்மாமன் சென்ற வைகாசியில் தம்முடைய டாடா 207 வண்டியின் ஸ்டீரியோவை மாற்றத் தீர்மானித்தார். திருப்பூரில் வெட்டிய துணிகளை எங்கள் பக்கத்துத் தையல் கூடங்களுக்கு ஏற்றி வருவதும், தைத்த பண்டல்களைத் திரும்பக் கொண்டு சேர்ப்பதுமாக இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிய வண்டி அது. அதிலிருந்த கேசட் ஸ்டீரியோ ஒரு பக்கம் மட்டுமே பாடியது. அவ்வப்போது நாடாவையும் விழுங்கியது. புளூடூத்தும் பென்டிரைவும் ஏற்கும் புதிய பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு எலக்ட்ரீசியன் கடைக்குப் போனோம். பழையதைக் கழற்றப்போகும் நேரத்தில் மாமா தயங்கினார். “இதைக் கழட்டிப்போட்டா அந்தக் கேசட்டையெல்லாம் எதுல மாப்ள போட்டுக் கேக்கறது?” என்றார். அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

சாலையும் ஒலியும் இணைந்த வரலாறு நம்மிடம் பழையது. பெரும்பாணாற்றுப்படை உமணரின் உப்பு வண்டிகள் வரிசையாகச் செல்லும் காட்சியை விரிவாகத் தீட்டுகிறது. காங்கயம் காளைகளின் கழுத்து மணி ஓசையும், கவலை இறைப்போர் பாட்டும், இரவு வண்டியோட்டி தூக்கம் வராதிருக்கப் பாடிய பாட்டும் கொங்கு நாட்டில் நம் பாட்டன்மார் கேட்டவை. அங்கே பாடுபவனும் பயணம் போகிறவனும் ஒருவனே. இயந்திரம் வந்தபின் இந்த இருவரும் பிரிந்தார்கள்.

அந்தப் பிரிவு அமெரிக்காவில் தொடங்கியது. 1930இல் பால் கால்வின் என்பவரின் நிறுவனம் காரில் பொருத்தக்கூடிய வானொலியை விற்பனைக்குக் கொண்டுவந்து, ‘மோட்டரோலா’ என்று பெயரிட்டது. வெற்றிடக் குழாய்களால் இயங்கிய அக்காலப் பெட்டிகளுக்கு உயர்ந்த மின்னழுத்தம் வேண்டும். காரின் பேட்டரியோ அதை நேராகத் தர இயலாதது. டிரான்சிஸ்டர் கார் வானொலி 1955இல் வந்த பிறகே பெட்டி சிறுத்தது, மின்செலவும் குறைந்தது. 1963இல் பெர்லின் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகப்படுத்தியது. நாலு மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள அந்த நாடா, வினாடிக்கு ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவான வேகத்தில் நகர்ந்து, பின்னாளில் உலகின் இசைச் சந்தையையே புரட்டிப்போட்டது.

நம் நாட்டில் 1980களின் நடுப்பகுதியில் நீக்கப்படும் வரை, வானொலிப் பெட்டி வைத்திருப்பவர் அஞ்சலகத்தில் கட்டணம் செலுத்தி உரிமம் பெறவேண்டும். எந்தப் பாட்டு எந்த நேரத்தில் ஒலிக்கும் என்பதை நிலையம் முடிவு செய்தது, நாம் காத்திருந்தோம். இலங்கை வானொலிக்காகத் தமிழகத்து வீடுகள் அலைவரிசையைத் தேடித் திருகியது அந்தக் காத்திருப்பின் ஒரு பகுதி.

கேசட் இந்த அதிகாரத்தைக் கைமாற்றியது. கிராமபோன் கம்பெனியின் நெடுநாள் ஆதிக்கம் எண்பதுகளில் தளர்ந்ததையும், சிறு முதலீட்டாளர்கள் வட்டார மொழிகளிலும் கிளைமொழிகளிலும் பாடல்களை வெளியிடத் தொடங்கியதையும் பீட்டர் மேனுவல் தம் ‘கேசட் கல்ச்சர்’ (1993) நூலில் வட இந்தியாவை முன்வைத்து ஆராய்ந்திருக்கிறார். நம் ஊர்களில் அந்த மாற்றத்தின் முகம் ரெக்கார்டிங் சென்டர். விருப்பமான பாடல்களைத் தாளில் எழுதிக் கொடுத்தால், இரண்டு நாளில் தொண்ணூறு நிமிட நாடாவில் பதிந்து, அட்டையில் அழகிய கையெழுத்தில் பட்டியலிட்டுத் தருவார்கள். 1976இல் ‘அன்னக்கிளி’யோடு தொடங்கிய இளையராஜாவின் காலமும் கேசட்டின் காலமும் ஒன்றோடொன்று கலந்ததற்கு, நம் வட்டாரத்துத் தனியார் பேருந்துகளும் சரக்கு வேன்களும் சாட்சி. சபாவுக்கும் திரையரங்குக்கும் இசை வரலாற்றில் இடமுண்டு; ஓட்டுநரின் இருக்கைக்கு மட்டும் இன்னும் இடம் தரப்படவில்லை.

அந்த இடத்துக்கென ஒரு தொழில்நுட்பமும் வளர்ந்தது. கனரக லாரிகள் பலவற்றில் இரண்டு பேட்டரிகள் சேர்ந்த 24 வோல்ட். ஸ்டீரியோவுக்கோ 12 வோல்ட். அவசரத்தில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் வயர் இழுத்தால் அது முன்னதாக இறங்கிப் போகும். இரண்டும் சமநிலை இழக்கும். எர்த் சரியில்லாவிட்டால் ஆல்டர்னேட்டரின் கீச்சொலி பாட்டுக்குள் புகுந்து, வேகம் கூடக்கூடத் தானும் உயரும். மாமாவின் வண்டியில் எப்போதும் மின்சாரம் வரும் மஞ்சள் வயரையும், சாவி திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் சிவப்பு வயரையும் யாரோ ஒன்றாக முறுக்கி வைத்திருந்தார்கள். இரண்டு நாள் நிறுத்தினால் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் மாமா தள்ளிக்கொண்டிருந்ததன் மர்மம் அன்றுதான் விளங்கியது. எலக்ட்ரீசியன் வயர்களைப் பிரித்து, பியூஸ் வைத்து, வண்டியின் இரும்பிலிருந்த பெயிண்ட்டைச் சுரண்டி எர்த் கொடுத்தார். கீச்சொலியும் நின்றது.

இனி அந்தக் கேசட்டுகள். இருக்கைக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டப்பாவில் நாற்பது இருந்தன. பெரும்பாலானவை சினிமாப் பாடல்கள். அவை எங்கும் கிடைப்பவை. ஆறு கேசட்டுகளில் மட்டும் பென்சிலால் ‘அண்ணமார்’ என்று எழுதியிருந்தது. மாமாவின் ஊர்க் கோயிலில் விடிய விடிய நடந்த உடுக்கைப் பாட்டை யாரோ டேப்ரிக்கார்டரில் பிடித்தவை. கதை நமக்குப் புதிதல்ல. மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் காங்கயம் வட்டாரத்து ஓலப்பாளையத்தில் தங்கி இக்கதையை நாடாவில் பதிந்தார். அதன் அடிப்படையில் 1982இல் ‘தி திரீ ட்வின்ஸ்’ என்ற ஆய்வு நூல் வெளிவந்தது. சக்திக்கனல் 1971இலேயே ‘அண்ணன்மார் சுவாமி கதை’யைப் பதிப்பித்துவிட்டார். ஆனால் உடுக்கைப் பாட்டு ஒவ்வோர் இரவும் புதிதாய்க் கட்டப்படுவது. இந்த ஆறு நாடாக்களில் உள்ள குரல், அந்த இரவு, அந்த ஊர் ஆகியவற்றுக்கு வேறு படி கிடையாது. பாடியவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்றார் மாமா.

ஏடுகள் கரையானுக்கும் ஆற்றுக்கும் இரையான கதையை வகுப்பில் ஆண்டுதோறும் சொல்கிறவன் நான். உ.வே.சா. ஊர் ஊராக அலைந்ததைச் சொல்லும்போது என் குரல் கம்மும். அதே நான், நாடா இற்றுப்போகும் ஒரு டப்பா பத்தாண்டுகளாக என் முதுகுக்குப் பின்னால் குலுங்கி வந்ததைக் கவனிக்கவில்லை. ஏடென்றால் பனையோலை என்றே என் புத்தி பழகியிருந்தது. கேசட்டும் ஏடுதான், அதைப் படிக்கும் கருவி அந்தப் பழைய ஸ்டீரியோ.

எலக்ட்ரீசியன் எளிதாக வழி சொன்னார். பழைய பெட்டியைக் கழற்றித் தம் மேசைமேல் வைத்து, ஒரு 12 வோல்ட் பேட்டரியில் இணைத்தார். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து ஹெட்டைத் துடைத்தார். தேய்ந்த ரப்பர் பெல்ட்டை மாற்றினார். அதன்பின் நாடா சிக்கவில்லை. பாடாத பக்கத்தின் குறையும் ஸ்பீக்கரில்தான் இருந்தது. மூன்று மாலைகள் அங்கேயே அமர்ந்து ஆறு கேசட்டுகளையும் கணினிக்கு மாற்றினோம். ஐந்தாவதில் நடுவே சில நிமிடம் நாடா அழிந்திருந்தது. அது போனது போனதுதான்.

இப்போது மாமாவின் புதிய பெட்டியில் ஒரு பென்டிரைவ் செருகியிருக்கிறது. ஆயிரம் பாட்டு கொள்ளும் அதில் அவர் இந்த ஆறு நாடாக்களை மட்டுமே வைத்திருக்கிறார். சென்ற வாரம் திருப்பூருக்கு அவரோடு போனேன். குண்டடம் தாண்டும்போது உடுக்கை ஒலிக்கு நடுவே யாரோ “டீ வந்திருச்சு, எழுந்திருங்க” என்று குரல் கொடுத்தார். மாமா சிரித்துக்கொண்டே, “உங்க தாத்தன்” என்றார்.