உள்நாட்டு நீர்வழிப் படகுகள்: பாதுகாப்புச் சோதனையும் சான்றளிப்பும் (இந்தியா)

ஆறு, கால்வாய், ஏரி, காயல், நீர்த்தேக்கம் ஆகியவற்றில் ஓடும் படகுகளும் சிறு கப்பல்களும் பயணத்துக்குத் தகுதியானவையா என்று அரசு சோதித்துச் சான்று வழங்கும் முறை இது. கடலோடும் கப்பல்களுக்கு வேறு சட்டம் உண்டு. உள்நாட்டு நீரில் ஓடுபவற்றுக்கான சட்டத்தை மைய அரசு இயற்ற, சோதனையை மாநில அரசுகள் நடத்துகின்றன. படகுத் தொழிலில் இருப்பவர்கள் இச்சோதனையைச் 'சர்வே' என்றும், சோதிக்கும் அலுவலரைச் 'சர்வேயர்' என்றும் சொல்கிறார்கள்.

இந்தியாவில் இம்முறை நீராவியோடு வந்தது. 1834இல் கல்கத்தாவுக்கும் அலகாபாத்துக்கும் இடையே கங்கையில் நீராவிப் படகுப் போக்குவரத்து தொடங்கியது. நூற்றாண்டின் பிற்பகுதியில் தனியார் கம்பெனிகளின் கப்பல்கள் பிரம்மபுத்திராவில் அசாம் வரை ஓடித் தேயிலையையும் சணலையும் ஆட்களையும் ஏற்றிச் சென்றன. அந்நாளில் எல்லோரும் அஞ்சியது கொதிகலனைக் கண்டுதான். தகடு அரித்திருந்தாலோ, அழுத்தத்தை வெளியேற்றும் அடைப்பான் இறுகியிருந்தாலோ கப்பலே வெடித்துவிடும். ஆகவே 1884இல் வந்த உள்நாட்டு நீராவிக் கலன்கள் சட்டமும், அதன் இடத்துக்கு வந்த 1917ஆம் ஆண்டின் 1ஆம் எண் சட்டமும் இயந்திரத்தை மையமாக வைத்தே எழுதப்பட்டன.

1917ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நடைமுறையில் இருந்தது. அதன்படி சர்வே சான்றிதழ் இல்லாமல் எந்த நீராவிப் படகும் பயணம் புறப்படக் கூடாது. சர்வேயர் உடற்பகுதி, கொதிகலன், இயந்திரம், தளவாடங்கள் அனைத்தையும் பார்த்து உறுதிமொழி எழுதித் தருவார். அதன் பேரில் அரசு சான்றிதழ் கொடுக்கும். அது ஓராண்டுக்கு மேல் செல்லாது. படகில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் அதை ஒட்டிவைக்க வேண்டும். படகை நடத்தும் ஸ்ராங்குக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவருக்கும் தனித்தனியே தகுதிச் சான்று தேவை. இவற்றோடு, அதிகம் பேசப்படாத ஒரு வரியும் அச்சட்டத்தில் இருந்தது. எத்தனை பேரை ஏற்றலாம் என்று மொத்தமாகச் சொன்னால் மட்டும் போதாது; தேவையானால் மேல்தளத்தில் எத்தனை பேர், அறைகளில் எத்தனை பேர் என்று பிரித்தும் சர்வேயர் எழுத வேண்டும். பின்னாளில் நேர்ந்த பெரும் விபத்துகளைப் படிக்கும்போது, அந்த வரியின் முன்யோசனை வியக்கவைக்கிறது. அதைப் பொருட்படுத்தாமல் விட்டது வேதனையளிக்கிறது.

நீராவி போய் டீசல் வந்த பிறகும் சட்டத்தின் பெயரில் 'நீராவி' ஒட்டிக்கொண்டிருந்தது. 1977ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அதை நீக்கியது. விபத்தில் பாதிக்கப்படும் பயணிகளுக்கான காப்பீட்டு ஏற்பாடும் அப்போதுதான் சேர்ந்தது. துடுப்பாலும் கழியாலும் ஓடும் படகுகளோ இச்சட்டத்துக்கு வெளியே இருந்தன. சென்னை மாகாணத்தில் அவற்றை 1890ஆம் ஆண்டின் கால்வாய்கள், பொதுப் படகுத்துறைகள் சட்டம் கவனித்தது. பக்கிங்காம் கால்வாயில் உப்பும் விறகும் ஏற்றிச் சென்ற வள்ளங்கள் அதன் கீழ் வந்தவை. வங்காளத்தில் வயலுக்கு நீர் இறைக்கும் டீசல் எஞ்சினை நாட்டுப் படகில் பொருத்தி 'பட்பட்டி' என்று ஓட்டத் தொடங்கியபோது, இரண்டு வகைக்கும் நடுவில் ஒரு பெரும் கூட்டமே உருவானது. அவற்றில் பல எந்தச் சர்வேயரின் கண்ணிலும் படாமல் ஓடின.

இந்த வரலாற்றின் கனமான பக்கங்கள் கேரளத்தில் எழுதப்பட்டவை. 1924 ஜனவரியில் கொல்லத்திலிருந்து ஆலப்புழை நோக்கி இரவில் சென்ற 'ரிடீமர்' படகு பல்லனை வளைவில் கவிழ்ந்தது. மகாகவி குமாரன் ஆசான் அதில் உயிரிழந்தார். 2002 ஜூலை 27 அன்று முகம்மாவிலிருந்து குமரகம் சென்ற அரசுப் படகு வேம்பநாட்டுக் காயலில் மூழ்கி 29 பேர் இறந்தனர். அரசு வேலைத் தேர்வு எழுதப் போன இளைஞர்கள் பலர் அதில் இருந்தனர். 2007 பிப்ரவரி 20 அன்று தட்டேக்காட்டில் பெரியாற்றில் சுற்றுலா வந்த 15 பள்ளிப் பிள்ளைகளும் 3 ஆசிரியர்களும் மூழ்கினர். ஒவ்வொன்றின் பின்னும் விசாரணை ஆணையம் அமைந்தது, அறிக்கையும் வந்தது.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 'ஜலகன்னிகை' கவிழ்ந்ததில் 45 பேர் இறந்தனர். தமிழகத்திலிருந்து போனவர்களும் அவர்களில் இருந்தனர். அது பழைய படகன்று. ஓடத் தொடங்கிச் சில வாரங்களே ஆன, இரண்டு தளம் கொண்ட கண்ணாடியிழைப் படகு. உளுத்த பலகையையும் கெட்ட இயந்திரத்தையும் தேடும் பழைய சோதனை முறையால் இத்தகைய ஆபத்தைக் கண்டுபிடிக்க முடியாது. மேல்தளத்தில் பயணிகள் கூடினால் எடையின் மையம் மேலேறுகிறது; கரையில் விலங்குகளைப் பார்க்க அவர்கள் ஒரே பக்கம் நகர்ந்தால் அது ஓரம் போகிறது. சாய்ந்த படகு நிமிர்வதற்கு வேண்டிய தாங்கு வலு குறைகிறது. இதை முன்கூட்டியே அறிய ஒரு வழி உண்டு. அசைவற்ற நீரில் படகை நிறுத்தி, எடை தெரிந்த சுமைகளை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்த்தி, உள்ளே தொங்கவிட்ட தூக்குக் குண்டு எவ்வளவு விலகுகிறது என்று அளப்பார்கள். அந்த விலகலிலிருந்து படகின் நிலைப்புத்தன்மையைக் கணக்கிடலாம். அரை நாள் வேலை. பயணிகள் படகுக்கு இதைவிட முக்கியமான சோதனை வேறில்லை.

2010இல் கேரளம் உள்நாட்டுக் கலன்கள் விதிகளைக் கொண்டுவந்தது. கட்டுவதற்கு முன்பே வரைபடத்துக்கு ஒப்புதல், பதிவு, சர்வே, ஊழியர் தகுதி, உயிர்காப்பு உடைகள், தீயணைப்புக் கருவிகள் என்று பலவும் ஒழுங்குக்கு வந்தன. ஆலப்புழைக் காயலின் கெட்டுவள்ளங்கள்தான் பெரிய சவால். ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய நெல் வள்ளங்கள் அவை. அவற்றின் மீது படுக்கையறை, சமையலறை, எரிவாயு உருளை, ஜெனரேட்டர், குளிர்சாதனம் எல்லாம் ஏறின. அடிப்பகுதியைப் பார்க்க வள்ளத்தைக் கரையேற்ற வேண்டும். வள்ளங்களின் எண்ணிக்கைக்கு முன் கரையேற்றும் இடங்களும் சர்வேயர்களும் போதவில்லை.

2019 செப்டம்பர் 15 அன்று ஆந்திரத்தில் கச்சுலூரு அருகே வெள்ளம் ஓடிய கோதாவரியில் 'ராயல் வசிஷ்டா' மூழ்கியது. படகின் தகுதி ஒரு புறம் இருக்க, ஆற்றின் அன்றைய நிலையைப் பார்த்துப் பயணத்தைத் தடுக்கும் அதிகாரம் யாருக்கு என்ற கேள்வியை அது எழுப்பியது. 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் பொழுது சாய்ந்த பின் புறப்பட்ட 'அட்லாண்டிக்' கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். அது மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய இரட்டைத் தளச் சுற்றுலாப் படகு. அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றியிருந்தது. உரிமையாளரோடு சான்றளிப்பில் தொடர்புடைய அரசு அலுவலர்களும் கைது செய்யப்பட்டனர்.

இதற்கிடையில் 1917ஆம் ஆண்டுச் சட்டம் விடைபெற்று, 2021ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலன்கள் சட்டம் வந்தது. ஒரு மாநிலத்தில் பெற்ற பதிவும் சான்றும் நாடெங்கும் செல்லும். முன்பு மாநில எல்லை தாண்டத் தனி அனுமதி தேவைப்பட்டது. எல்லாக் கலன்களின் விவரங்களும் ஒரே மையத் தரவகத்தில் சேர வேண்டும். அலை உயரத்தைக் கொண்டு நீர்ப்பரப்புகள் மூன்று மண்டலங்களாகப் பிரிகின்றன. அமைதியான கால்வாய்க்குத் தகுதி பெற்ற படகு அகன்ற கழிமுகத்துக்குப் போக முடியாது.

இயந்திரமில்லாப் படகுகளுக்கும் இச்சட்டத்தில் தனி அத்தியாயம் உண்டு. அவற்றைப் பதிவு செய்யும் பொறுப்பை மாநிலங்கள் உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கலாம். தமிழகத்துக்கு இது நேரடியாகப் பொருந்துவது. ஒகேனக்கல் பரிசல்களை இன்றும் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் மாவட்ட நிர்வாகத்தின் ஆணைதான். காவிரியில் நீர்வரத்து கூடினால் ஆட்சியர் தடை விதிப்பார், குறைந்தால் நீக்குவார். மீன்பிடிப் படகில் உல்லாசப் பயணம் போவது மற்றொரு சிக்கல். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காடு ஏரியில் அப்படிப் போன 22 பேர் மூழ்கி இறந்தனர். மீன்பிடிக்கப் பதிவான படகு பயணிகளை ஏற்றும் நொடியிலேயே வேறு வகைப் படகாகிவிடுகிறது. அந்த மாற்றத்தைப் படகுத்துறையிலேயே நின்று தடுக்க ஆள் வேண்டும். ஆண்டுக்கொருமுறை வரும் சர்வேயரால் அது ஆகாது.