பவுனுக்கு மூன்று பென்னி

இரும்பும் நிலக்கரியும் வளர்த்த ஊர், தென் வேல்ஸின் ட்ரெடீகர். சுரங்கத்தின் கூரை சரிந்தால் கை கால் போகும். சரியாவிட்டாலும் கரித்தூள் நெஞ்சில் படிந்துகொண்டேயிருக்கும். உழைப்பவர் படுத்த அன்றே கூலி நின்றுவிடும், மருந்துச் செலவோ அன்றுதான் தொடங்கும்.

1890இல் அவ்வூர்த் தொழிலாளர்கள் மருத்துவ உதவிச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். கூலியில் பவுனுக்கு மூன்று பென்னி பிடித்தம். அன்று ஒரு பவுனுக்கு 240 பென்னி. ஆக, நூற்றுக்கு ஒன்றேகால். அந்தச் சில்லறையைக் கொண்டு மருத்துவர்களையும் பல் வைத்தியரையும் செவிலியரையும் சங்கமே சம்பளத்துக்கு வைத்தது. 1920களின் தொடக்கத்தில் அப்படி வேலை பார்த்தவர்களில் ஒருவர், பின்னாளில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற ஏ. ஜே. க்ரோனின். முக்கியமான விஷயம், தொழிலாளியோடு அவர் குடும்பத்துக்கும் வைத்தியம் கிடைத்தது. 1940களில் சுமார் 24,000 பேர் வாழ்ந்த ஊரில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சங்கத்தின் பராமரிப்பில் இருந்தார்கள்.

பிரிட்டனின் மற்ற பகுதிகளில் நிலைமை வேறு. அன்றைய நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த 1911ஆம் ஆண்டுத் தேசியக் காப்பீட்டுச் சட்டப்படி ஆண் தொழிலாளி வாரம் நான்கு பென்னி கட்டினார். முதலாளி மூன்றும் அரசு இரண்டும் சேர்த்தன. நல்ல சட்டம்தான். ஆனால் மருத்துவரைப் பார்க்கும் உரிமை சந்தா கட்டியவருக்கு மட்டுமே. வீட்டிலிருந்த மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அது இல்லை. பொதுவாக மருத்துவமனைச் சிகிச்சையும் அதில் சேரவில்லை. குடும்பத்தினரை விட்டுவிட்டதுதான் சட்டத்தின் பெருங்குறை. கணவரின் காய்ச்சலுக்கு மருத்துவர் வருவார்; மனைவியின் வலிக்குக் காசு எண்ண வேண்டும். பிள்ளைக்குச் சோறா, தனக்கு மருந்தா என்ற கணக்கில் தாய்மார் தங்கள் நோயையே தள்ளிப்போட்டார்கள்.

ட்ரெடீகரில் 1897இல் பிறந்த அனைரின் பெவன், பதின்மூன்று வயதில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். கரித்தூள் நோயால் 1925இல் தந்தையை இழந்தார். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் அந்நோய் அன்று இல்லாததால் குடும்பத்துக்கு இழப்பீடு கிடைக்கவில்லை. ஊர் மருத்துவமனைக் குழுவில் பணியாற்றிப் பழகிய பெவன், 1945இல் சுகாதார அமைச்சரானார். சந்தா கட்டினாரா என்று பாராமல் எல்லோருக்கும் சிகிச்சை தரும் தேசிய சுகாதாரச் சேவையை 1948 ஜூலை 5 அன்று தொடங்கிவைத்தார்.

அதுவரை மறைந்திருந்த நோயெல்லாம் அப்போதுதான் வெளியே தெரிந்தது. கருப்பை இறக்கத்தோடு பல ஆண்டுகள் வீட்டுவேலை செய்துவந்த பெண்கள் மருத்துவர்களைத் தேடி வந்தார்கள். முதல் ஆண்டில் மட்டும் சுமார் ஐம்பது லட்சம் மூக்குக்கண்ணாடிகள் வழங்கப்பட்டன.