இலவசச் சீட்டும் தூண்டில் முள்ளும்

சூதாட்டத்தின் இயல்பைத் தமிழ் மக்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளனர். பாண்டவர் நாடிழந்த கதை கோயில் முன்றில்களிற் கூத்தாக ஆடப்பட்டது. வள்ளுவப் பெருந்தகை சூதுக்கெனத் தனியோர் அதிகாரம் வகுத்தார். அதன் முதற் குறளிலேயே, சூதிற் கிடைக்கும் வெற்றியை மீன் விழுங்கிய தூண்டில் முள்ளுக்கு ஒப்பிட்டார். தோல்வியை அன்று, வெற்றியையே அவர் தூண்டில் என்றார். மனிதனை ஆட்டத்தோடு பிணிப்பது இழந்த பொருள் மட்டும் அன்று. ஒரு முறை கைக்கெட்டிய பேறே அவனை மீண்டும் மீண்டும் இழுக்கின்றது.

இந்த உண்மையை நன்கறிந்த ஒரு வாணிகம் அண்மைக் காலத்திற் பெருகியுள்ளது. கைத்தொலைபேசியில் ஆடப்படும் சீட்டாட்டங்களே அவை. ஆட்டத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை. தொடக்கத்திற் சில சீட்டுகளும் இனாமாகக் கிடைக்கும். ஆயினும் அவற்றை நடத்தும் நிறுவனங்கள் பெருஞ் செல்வம் ஈட்டுகின்றன. இலவசமாய்த் தரப்படும் ஒன்றிலிருந்து இவ்வளவு பொருள் எவ்வாறு வருகின்றது? இவ்வினாவுக்கு விடை காண, நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகரில், அலன் அன்ட் ஜின்டர் என்னும் புகையிலை நிறுவனம் இருந்தது. மென்மையான சிகரெட் பொதிகள் கசங்காதிருக்க அவற்றுள் ஒரு கெட்டி அட்டை வைக்கப்பட்டது. வெற்று அட்டையிற் படம் அச்சிட்டால் என்ன என்ற எண்ணம் பிறந்தது. விளையாட்டு வீரர், நடிகையர், பறவைகள், கொடிகள் எனப் படங்கள் தொகுதி தொகுதியாக வெளிவந்தன. ஒரு தொகுதியில் ஐம்பது படங்கள் இருப்பின், நாற்பத்தொன்பது சேர்த்தவன் ஐம்பதாவதைத் தேடிப் புகைக்கலானான். பொதியைப் பாதுகாக்க வந்த அட்டை, பொதியை விற்கும் கருவியாயிற்று. பிரித்தானியாவில் வில்ஸ் முதலிய நிறுவனங்களும் இம்முறையைக் கைக்கொண்டன. இரண்டாம் உலகப் போர்க்காலத்துக் காகிதத் தட்டுப்பாட்டினால், 1940ஆம் ஆண்டில் இவ்வழக்கம் அங்கு நின்றது.

இதே காலத்தில் யப்பானிலும் சீட்டுகளுக்குத் தனி வரலாறு உண்டாயிற்று. 1889ஆம் ஆண்டிற் கியோத்தோ நகரில், மலர்ப்படம் தீட்டிய சீட்டுகளைச் செய்து விற்கும் கடையொன்று தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் மின்னணு விளையாட்டுகளால் உலகப் புகழ் பெற்ற நின்டெண்டோ நிறுவனம் அச்சிறு கடையின் வழிவந்ததேயாகும்.

1965ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து மற்றொரு பொருள் யப்பானுக்கு வந்தது. நாணயம் இட்டுக் கைப்பிடியைத் திருகினால், சிறு பொம்மை அடங்கிய உருண்டையொன்றைத் தள்ளிவிடும் இயந்திரம் அது. கைப்பிடி திருகும் ஓசையைக் 'கச்சா' என்றும், உருண்டை விழும் ஓசையைப் 'பொன்' என்றும் யப்பானியச் சிறுவர் கூறினர். இரண்டும் சேர்ந்து 'கச்சாபொன்' என்பது அவ்வியந்திரத்தின் பெயராயிற்று. இன்ன பொம்மைதான் விழும் என்பதை எவரும் முன்னறியார். அந்த அறியாமையே விற்பனைக்கு வைக்கப்பட்ட சரக்கு.

எனினும் அவ்வியந்திரத்துக்கு ஓர் எல்லை இருந்தது. அதனுள்ளே இருப்பன எண்ணத்தக்க உருண்டைகள். வேண்டாதவை ஒவ்வொன்றாக வெளியேற, வேண்டியது நெருங்கி வரும். யாவும் தீர்ந்தால் இயந்திரம் வெறுமையாகும். இந்த எல்லையை மனத்திற் கொள்ளுதல் நன்று. பின்னர் நிகழ்ந்த மாற்றத்தின் உயிர்நிலை இதிலேயே உள்ளது.

யப்பானிய அரசு இத்தகைய வாணிகத்தைக் கவனியாதிருக்கவில்லை. மிகையான இனாம்களாலும் பொய்யான விளம்பரங்களாலும் மக்கள் ஏமாறாதிருக்க 1962ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் கீழ், நியாய வணிக ஆணைக்குழு 1977ஆம் ஆண்டில் ஓர் அறிவித்தலை வெளியிட்டது. வெவ்வேறு படங்களை அல்லது எழுத்துகளை உடைய துண்டுகளைக் குறித்தவொரு தொகுதியாகச் சேர்த்துக் காட்டினாற் பரிசு தரப்படும் என்னும் முறையை அவ்வறிவித்தல் முற்றாகத் தடை செய்தது. முழுத் தொகுதியும் எளிதிற் சேர்ந்துவிடும் என்று மக்கள், சிறப்பாகச் சிறுவர், தவறாக எண்ணுவர் என்பதே தடைக்குக் காரணம்.

அவ்வெண்ணம் தவறானது என்பதைக் கணிதம் தெளிவாகக் காட்டும். ஐந்து படங்கள் கொண்ட ஒரு தொகுதியை எடுத்துக்கொள்வோம். ஐந்தும் சமவாய்ப்புடன் வருமாயின், முதற் படத்துக்கு ஒரு முறை வாங்கினாற் போதும். நான்கு படங்கள் சேர்ந்த பின், எஞ்சிய ஒன்றைப் பெறச் சராசரியாக ஐந்து முறை வாங்க வேண்டும். முழுத் தொகுதிக்கும் சராசரியாகப் பதினொரு முறைக்கு மேல் வாங்குதல் வேண்டும். அச்செலவில் ஏறத்தாழப் பாதி கடைசிப் படத்துக்கே போய்விடும். நான்கு படங்கள் கையிலிருப்பவன் தான் வழியில் ஐந்தில் நான்கு பங்கைக் கடந்துவிட்டதாக நினைக்கின்றான். உண்மையில் அவன் நிற்பது பாதி வழியிலேயாம்.

1993ஆம் ஆண்டில் அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சாட் கார்பீல்ட் 'மேஜிக்: த கதறிங்' என்னும் சீட்டாட்டத்தை அமைத்தார். சீட்டுகளைச் சேர்த்தலும் அவற்றைக் கொண்டு ஆடுதலும் அதில் ஒன்றாயின. உள்ளே இருப்பது தெரியாத பொதிகளாகவே சீட்டுகள் விற்கப்பட்டன. பதினைந்து சீட்டுகள் உள்ள பொதியில் அரிய சீட்டு ஒன்று இருக்கும். 1996ஆம் ஆண்டில் யப்பானிற் போக்கிமொன் சீட்டுகள் வெளிவந்து சிறுவர் உலகைக் கவர்ந்தன. இவற்றிலும் வாய்ப்பின் ஆட்சி இருந்தது. ஆயினும் வாங்கியவன் கையில் ஒரு சீட்டு எஞ்சியது. அதை நண்பனுடன் மாற்றலாம், விற்கலாம், தம்பிக்குக் கொடுக்கலாம். கடை பூட்டிய பின் வாங்கவும் இயலாது.

கைத்தொலைபேசி இவ்வெல்லைகளை அகற்றிற்று. 1999ஆம் ஆண்டில் யப்பானில் 'ஐ-மோட்' சேவை தொடங்கியபோது, தொலைபேசி வழியே பெறும் சிறு சேவைகளின் விலையை மாதாந்தப் பட்டியலிற் சேர்த்துக் கட்டும் வழக்கம் பரவியது. 2009ஆம் ஆண்டில் அப்பிள் நிறுவனம், இலவசமாகத் தரப்படும் செயலிகளுக்குள்ளும் பொருள் விற்க இடமளித்தது. 2010ஆம் ஆண்டிற் கொனாமி நிறுவனத்தின் 'டிராகன் கொலெக்சன்' என்னும் சீட்டாட்டம் கிறீ என்னும் தளத்திற் பெருவெற்றி பெற்றது. அதைப் பின்பற்றிப் பல ஆட்டங்கள் எழுந்தன. நாணய இயந்திரத்தின் பெயராகிய 'கச்சா', சீட்டு இழுக்கும் முறையின் பெயராயிற்று.

இவ்வாட்டங்களின் தூண்டில்கள் பலவகைப்பட்டன. முதலாவது, நாள்தோறும் வருபவர்க்கு வழங்கும் சிறு வெகுமதி. அது பழக்கத்தை விதைக்கும். இரண்டாவது, சிறிது நேரம் ஆடியதும் தீர்ந்துபோகும் 'வலு'. காத்திருந்தால் அது தானே ஊறும், பொறுமையில்லாதவர் பணம் கொடுத்து நிரப்பலாம். மூன்றாவது, ஆட்டத்துக்கே உரிய மணிகளும் நாணயங்களும். முன்னூறு யென் செலவிடத் தயங்குபவன் ஐந்து மணிகளைத் தயங்காது செலவிடுவான். நான்காவது, சில நாட்களில் மறைந்துவிடும் அரிய சீட்டு. எண்ணிப் பார்ப்பதற்கு அது அவகாசம் தராது. ஐந்தாவது, ஒரே சீட்டைப் பல படிகள் சேர்த்து வலுவூட்டும் முறை. அதனால் ஒரு முறை பெற்ற சீட்டையும் மறுமுறை தேட வேண்டியதாயிற்று.

இவை யாவற்றிலும் வலியது 'நிறைவுக் கச்சா' என்பது. யப்பானியர் அதனைச் சுருக்கிக் 'கொம்பு கச்சா' என்றனர். வாய்ப்பினாற் கிடைக்கும் சீட்டுகளில் குறித்த சிலவற்றை முழுமையாகச் சேர்த்தவர்க்கு, வேறெவ்வழியிலும் பெற முடியாத ஒரு சீட்டு பரிசாகும். 1977ஆம் ஆண்டில் தடுக்கப்பட்ட பழைய முறையே ஒளித்திரையில் மீண்டும் தோன்றியது. ஆனால் இப்பொழுது பெட்டி வெறுமையாவதில்லை. நூற்றில் ஒன்றே வாய்ப்புள்ள சீட்டை நூறு முறை இழுத்தாலும் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. நூறு பேர் அவ்வாறு இழுப்பின், ஏறத்தாழ முப்பத்தேழு பேர் வெறுங்கையுடன் நிற்பர். நூற்றோராவது முறையிலும் அவர்களது வாய்ப்பு நூற்றில் ஒன்றேயாம். பெட்டிக்கு நினைவு இல்லை.

சிறுவர் பெற்றோரின் கணக்கிற் பெருந்தொகை செலவிட்ட முறைப்பாடுகள் எழுந்தன. 2012ஆம் ஆண்டு மே மாதம் 5ஆந் திகதி, பாவனையாளர் அலுவல்கள் முகவரகம் நிறைவுக் கச்சாவைச் சட்டவிரோதமாகக் கருதுகின்றது என யொமியூரி நாளிதழ் செய்தி வெளியிட்டது. 7ஆந் திகதி பங்குச் சந்தை திறந்ததும் கிறீ, டி.என்.ஏ. ஆகிய நிறுவனங்களின் பங்கு விலை ஒரே நாளில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு வீழ்ந்தது. பெரிய தளங்களை நடத்திய ஆறு நிறுவனங்கள் அம்முறையைக் கைவிடுவதாகச் சில நாட்களில் அறிவித்தன. 18ஆந் திகதி முகவரகம் தன் கருத்தை முறையாக வெளியிட்டது. சூலை மாதம் முதலாந் திகதி அது நடைமுறைக்கு வந்தது.

ஆனால் சட்டம் பற்றியது வாலை மட்டுமே. பரிசு இனாமாக வழங்கப்படும்போதுதான் 1962ஆம் ஆண்டுச் சட்டம் தலையிடும். பணம் கொடுத்து இழுக்கும் தனிச் சீட்டு, விலைக்கு வாங்கிய பொருளேயன்றி இனாம் அன்று என்பது முகவரகத்தின் விளக்கம். ஆதலின் நிறைவுக் கச்சா ஒழிந்தது, கச்சா நிலைத்தது.

அதன் விளைவு 2016ஆம் ஆண்டுப் புத்தாண்டுக் காலத்தில் வெளிப்பட்டது. 'கிரான்புளூ பன்டசி' என்னும் ஆட்டத்தில், சிறிது காலமே கிடைக்கும் ஒரு பாத்திரத்துக்காக ஓர் ஆட்டக்காரர் இரண்டாயிரம் முறைக்கு மேல் இழுத்தார். அதனைப் பலரும் நேரலையிற் பார்த்தனர். கண்டனம் பெருகவே, முந்நூறு முறை இழுத்தவர் விரும்பிய ஒன்றைத் தாமே தெரிந்து கொள்ளலாம் என நிறுவனம் விதித்தது. ஒரு முறைக்கு 300 யென் வீதம் அவ்வெல்லை 90,000 யென் ஆகும். எல்லை இல்லாத இடத்தில் எல்லை வந்தது நன்றே. ஆனால் ஒரு படத்துக்கு அது எத்துணை உயர்ந்த கூரை என்பதையும் எண்ணுதல் வேண்டும்.

அதே ஆண்டில், பொதிச் சீட்டு முறையைப் புகழ்பெறச் செய்த ரிச்சாட் கார்பீல்டே ஓர் அறிக்கை வெளியிட்டார். அடிமைப்பட்ட சிலரிடம் அளவின்றிப் பணம் கறக்கும் ஆட்டங்களை அவர் அதிற் கடிந்தார். அத்தகைய ஆட்டங்களுக்கு உளவியல் அறிஞர் ஸ்கின்னரின் பெயரால் ஒரு பெயரும் இட்டார். எத்தனையாவது முயற்சியிற் பரிசு வரும் என்பது தெரியாதபோது உயிரினம் சலியாது முயலும் என்பதை ஸ்கின்னர் புறாக்களைக் கொண்டு காட்டியவர். அவரும் பெர்ஸ்டரும் இயற்றிய பெருநூல் 1957ஆம் ஆண்டில் வெளிவந்தது.

பிற நாடுகளும் விழித்தன. நிகழ்தகவுகளை வெளியிட வேண்டும் என்னும் சீன அரசின் விதி 2017ஆம் ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதனால், 2014ஆம் ஆண்டு முதல் ஆடப்பட்டு வந்த 'ஹேர்த்ஸ்டோன்' சீட்டாட்டத்தில் மிகவுயர்ந்த தரச் சீட்டு சராசரியாக இருபது பொதிக்கு ஒன்றே என்பது அங்கு முறையாக அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் அப்பிள் நிறுவனமும் தன் கடையில் இத்தகைய அறிவிப்பைக் கட்டாயமாக்கிற்று. 2018ஆம் ஆண்டிற் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு, விலைக்கு விற்கும் இரகசியப் பெட்டிகள் சிலவற்றைச் சூதாட்டம் எனத் தீர்மானித்தது. மறு ஆண்டில் நின்டெண்டோ தன் கைத்தொலைபேசி ஆட்டங்கள் இரண்டை அந்நாட்டிலிருந்து மீட்டுக்கொண்டது. ஒல்லாந்திலோ, காற்பந்து வீரர் சீட்டுப் பொதிகளுக்காக விதிக்கப்பட்ட தண்டனையை 2022ஆம் ஆண்டில் உயர் நிருவாக நீதிமன்றம் நீக்கிற்று; பொதி திறத்தல் திறமை வேண்டும் ஓர் ஆட்டத்தின் பகுதியேயன்றித் தனிச் சூதாட்டம் அன்று என்பது அதன் முடிபு. அறிவுடையோரே இரு கூறாகப் பிரிந்து நிற்கும் வழக்கு இது.

2018ஆம் ஆண்டில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்டக்காரரிடம் நடத்திய ஆய்வொன்றில், சூதாட்டத்தாற் கூடுதலாகப் பாதிக்கப்பட்டோர் இப்பெட்டிகளுக்கும் கூடுதலாகச் செலவிடுகின்றனர் எனக் காணப்பட்டது. எது காரணம், எது காரியம் என்பதை அவ்வாய்வு தீர்க்கவில்லை. இரண்டிலொன்று உண்மையாயினும், செலவின் பெரும் பாரம் தாங்க இயலாதார் தோளிலேயே விழுகின்றது.

2024ஆம் ஆண்டு ஒக்டோபரிற் போக்கிமொன் சீட்டுகள் கைத்தொலைபேசி ஆட்டமாகவும் வெளிவந்தன. நாளொன்றுக்கு இரண்டு பொதிகளை இலவசமாகத் திறக்கலாம். மேலும் திறக்க விரும்புவோர் பணம் செலுத்தலாம். ஒரு காசும் கொடாது மகிழ்ந்து ஆடுவோரும் பலர் உளர். அவர்களைக் குறை கூறுதல் முறையன்று. எனினும் ஆட்டத்தை நடத்துவோனுக்கு ஒவ்வொரு சீட்டின் வாய்ப்பும், ஒவ்வொருவர் செலவும் தெரியும். ஆடுபவனுக்குத் தன் செலவுகூட முழுமையாகத் தெரிவதில்லை. மணிகளும் நாணயங்களும் அதை மறைத்து நிற்கின்றன. இந்த அறிவு வேறுபாட்டைக் குறைப்பதற்கு வீட்டிலே செய்யத்தக்க எளிய முறையொன்று உண்டு. பிள்ளையும் பெற்றோரும் ஒருங்கிருந்து, ஒரு மாதத்தில் வாங்கிய மணிகளை ரூபாயாக மாற்றி ஒரு கொப்பியில் எழுதுதல் வேண்டும். தேடும் சீட்டு நூற்றில் எத்தனை முறை வரும் என்பதை அதன் பக்கத்திற் குறித்தல் வேண்டும். அவ்விரண்டு எண்களையும் பார்த்த பின்னும் வாங்குவது தகுமா என்பதைப் பிள்ளையே சொல்லட்டும்.